ஆதாம் ஐயாவின் பதினொரு வருடம்

ஹீற்றரின் மேல் காயும் உடுப்பின் மணம் எப்படியிருக்கும் என்று லண்டனில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பாதி சவர்க்காரமும் பாதி ஈரக் கம்பளியுமாக, மூக்கு நுனியில் வந்து குந்திக்கொண்டு எழும்ப மறுக்கும் மணம் அது. எட்மண்டனில் நாங்கள் இருந்த வீட்டில் கார்த்திகை தொடங்கிப் பங்குனி வரைக்கும் அந்த மணத்துக்குள்தான் சாப்பிட்டோம், செபமாலை சொன்னோம், சண்டையும் பிடித்தோம். வாசலை அடுத்த அறையை அம்மா 'ஹோல்' என்பார். வருகிறவர்களை இருத்துவதற்கென்றே ஏற்பட்ட அந்த ஹோலில் கதிரைகளின் முதுகுகளிலெல்லாம் அப்பாவின் வேலைக் காற்சட்டைகள் ஏறியிருக்க, வருகிறவர்கள் ஒதுங்கித்தான் இருப்பார்கள். அந்த ஈர உடுப்புகளுக்கு நடுவில்தான், எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, அமெரிக்காவின் இரண்டாவது ஜனாதிபதி எங்கள் வீட்டுக்குள் வந்தார்.

வந்ததே ஒரு குழப்பத்தோடுதான். முன்னொரு காலத்தில் லண்டனில் வாழ்ந்த பெரிய மனிதர்களின் பெயர்களைத் துண்டுகளில் எழுதி, ஆளுக்கொன்று எடுக்கச் சொன்னார் எங்கள் வகுப்பாசிரியை. எடுத்தவரைப் பற்றிப் படித்து, ஒரு திங்கட்கிழமை அவரைப் போலவே உடுத்துக்கொண்டு பெற்றோருக்கு முன்னால் பேச வேண்டும். மற்றவர்களுக்கு ராணிகளும் தாதிமாரும் கிடைக்க, எனக்குக் கிடைத்தவர், அமெரிக்கா தனிநாடான பிறகு இங்கே முதல் தூதுவராக வந்திருந்து, ஊர் திரும்பிப் பின்னர் ஜனாதிபதியான மனிதர். அவருடைய குடும்பப் பெயர் வேதாகமத்தின் முதல் மனிதருடைய பெயர்தான், வாலில் ஓர் எழுத்து மட்டும் கூட. மன்னாரில் பூசைப் புத்தகத்தோடு வளர்ந்த அம்மாவின் காதில் அந்த வால் விழவேயில்லை. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்துவிட்டு, மூன்றாம் நாள் அப்பாவிடம் சொன்னார்: "இஞ்சேருங்கோ, பத்து வயசுப் பெட்டையை ஆதாம் எண்டு இலையோடை கொண்டுபோய் நிப்பாட்டப் போகினமாம். நீங்கள் ஒருக்கா பாதரிட்டைச் சொல்லுங்கோ."

அப்பா துண்டை வாங்கி வாசித்தார். பிறகு அவர் சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, அம்மாவே தண்ணீர் கொண்டுவந்து கொடுக்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து அந்த ஜனாதிபதிக்கு எங்கள் வீட்டில் 'ஆதாம் ஐயா' என்றே பெயர்.

அப்பாவுக்குப் பாண் சுடும் தொழிற்சாலையில் காலை ஷிப்ட். வேலை முடிந்து பின்னேரம் நாலு மணிக்கு அவர் தேத்தண்ணீரோடு குந்த, நூலகத்திலிருந்து எடுத்துவந்த தடித்த புத்தகத்தை நான் ஆங்கிலத்தில் ஒரு பந்தி வாசித்து, எனது நொண்டித் தமிழில் அதையே திருப்பிச் சொல்லுவேன். ஆதாம் ஐயாவின் தகப்பன் விவசாயி, மாரியில் சப்பாத்தும் தைப்பவர் என்றதும் அப்பாவுக்கு ஆளைப் பிடித்துவிட்டது. சனத்தைச் சுட்ட ஆங்கிலச் சிப்பாய்களுக்காக, சொந்த ஊரே காறித் துப்பியும் நீதிமன்றத்தில் வாதாடினார் என்றதும் தேத்தண்ணீர்க் கோப்பையை மேசையில் வைத்துவிட்டார். ஆள் கட்டை, வண்டி வயிறு, வாயைக் கட்டத் தெரியாது, கோபம் பொசுக்கென்று வரும் என்று நான் வாசிக்க வாசிக்க, அடுப்படியில் நின்ற அம்மா அப்பாவைக் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்குப் பிடித்த இடம் வேறு. ஜனாதிபதிக்கென்று கட்டிய மாளிகையில் முதன்முதலாகக் குடிபுகுந்தது இந்தக் குடும்பந்தான். வேலை முடியாத அந்த வீட்டின் மிகப் பெரிய மண்டபத்தில் ஐயாவின் மனைவி உடுப்புக் காயப்போட்டிருக்கிறார். அதற்குப் பிறகு, வீட்டுக்கு யார் வந்தாலும் காற்சட்டைகளைப் பற்றி அம்மா வெட்கப்பட்டு நான் பார்க்கவில்லை.

அந்த மாரியில் அப்பாவும் ஒரு தலைவர்தான், எங்கள் பங்குக் கோவிலின் தமிழ்ச் சபைக்கு. அந்தத் தமிழ்ப் பூசையைத் தொடங்கியவர்கள் இரண்டு பேர்: அப்பாவும், இரண்டு பஸ் தரிப்பு தள்ளியிருந்த சூசை மாமாவும். மாமா மினிகாப் ஓட்டுபவர். கார் வாங்குவதற்கு முந்திய காலத்தில், ஒரு பழைய ஆர்மோனியத்தை இரண்டு பேருமாகப் பஸ்ஸில் ஏற்றி, கண்டக்டரிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு கோவிலுக்குக் கொண்டுபோனார்களாம். ஒருவர் வீட்டில் கறி வைத்தால் மற்றவர் வீட்டுக்கு ஒரு கோப்பை போகும். அப்படிப்பட்ட இரண்டு பேரைத் திருநாள் பிரித்தது. மாதா சொரூபத்தை ஒலிபெருக்கியோடு தெருவெல்லாம் கொண்டுபோக வேண்டும் என்று சனம் கேட்டது. முந்திய வருடத்துச் சத்தத்தில் அக்கம்பக்கம் முறைப்பாடு வைத்திருந்தபடியால், சுற்றுப்பிரகாரம் கோவில் வளவுக்குள்ளேயே போதும் என்று அப்பா பங்குக் குருவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். வெள்ளைக்குப் பயந்தவர் என்று அவருக்குப் பட்டம் வைத்தார்கள். அடுத்த தலைவர் தெரிவில் சூசை மாமா எதிராக நின்று வென்றார். மண்டபத்தில் கைகள் உயர்ந்தபோது, தன் எதிர்ப்பக்கத்தில் முதலில் உயர்ந்த கை மாமாவுடையது என்று அப்பா எத்தனையோ தரம் சொல்லிவிட்டார்.

பொறுப்பைக் கையளிக்கும் நாள் எனது பேச்சுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை. அன்று விடிய முதலே அப்பா வாசலில் குனிந்து சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தார். ஷிப்ட் இருக்கிறதாம். ஞாயிறுகளில் அவருக்கு வேலையே கிடையாது என்பது எனக்குத் தெரியும்.

"ஆதாம் ஐயாவும் இப்பிடித்தான் அப்பா," என்றேன். "தேர்தல்லை தோத்தாப் பிறகு, வெண்ட கூட்டாளி பதவி எடுக்கிற அண்டைக்கு, விடிய முதல் வண்டியேறிப் போனவர்."

அப்பா நிமிர்ந்தார். "பிறகு?"

"இன்னும் வாசிக்கேல்லை."

அவர் போய்விட்டார். ஆர்ச்வே வரைக்கும் பஸ்ஸில் போய், சும்மா நடந்துவிட்டுத் திரும்பினாராம். அதைக் கனகாலம் கழித்துத்தான் சொன்னார். ஆனால் பாட்டுப் புத்தகங்களும் மெழுகுதிரித் தண்டுகளும் ஆர்மோனியமும் இருந்த அலுமாரிப் பூட்டின் திறப்பு, அம்மா கோவிலுக்குக் கொண்டுபோகட்டும் என்று மேசையில் வைத்துவிட்டுப் போக நினைத்த திறப்பு, அவருடைய ஜக்கற் பைக்குள்ளேயே போய்விட்டது. பின்னேரப் பூசையில் அலுமாரியைத் திறக்க முடியாமல், புத்தகமும் ஆர்மோனியமும் இல்லாமல் சனம் ஆளுக்கொரு சுருதியில் பாடியது. கோவில் படியில் வைத்து சூசை மாமா அம்மாவிடம், அண்ணை இப்படிச் செய்வாரென்று தான் நினைக்கவேயில்லை என்று சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்த அப்பா பைக்குள் கை விட்டுப் பார்த்துவிட்டு அப்படியே குந்தினார். உடனே கொண்டுபோய்க் கொடுங்கள் என்று அம்மா சொல்ல, தன்னை அப்படி நினைத்தவனிடம் தான் ஏன் போக வேண்டும் என்றார். அம்மா காய்ந்த உடுப்புகளை அடித்து அடித்து மடித்தார். இனிச் சூசை மாமா வீட்டுக் கறிக்கோப்பை வராது என்று எனக்கு விளங்கிவிட்டது. பயமாக இருந்தது. புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மேலே போய், விட்ட இடத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்தேன்.

மறுநாள், நீச்சல் தொப்பியில் அம்மா பஞ்சு ஒட்டிச் செய்த வெள்ளை முடியோடு வகுப்பின் முன்னால் நின்றேன். அப்பா வேலையிலிருந்து நேரே வந்து, மா படிந்த ஜக்கற்றோடு பின்சுவரில் சாய்ந்து நின்றார். லண்டன் கதையோடு நிறுத்தச் சொல்லியிருந்தார் ஆசிரியை, நான் நிறுத்தவில்லை. தேர்தலில் மோதிக்கொண்ட அந்த இரண்டு கூட்டாளிகளும் பதினொரு வருடம் ஒருவருக்கொருவர் ஒரு வரிகூட எழுதவில்லை என்றும், பிறகு ஒரு புதுவருட நாளில் ஆதாம் ஐயாதான் முதலில் கடிதம் போட்டார் என்றும், அதன் பிறகு சாகும்வரை எழுதிக்கொண்டேயிருந்தார்கள் என்றும், செத்தது கூட இரண்டு பேரும் ஒரே நாளில்தான் என்றும் சொன்னேன். எனது கண் பின்சுவரை விட்டு நகரவில்லை.

திரும்பும் பஸ்ஸில் அப்பா ஜக்கற்றில் படிந்திருந்த மாவைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு, "எத்தினை வருசம் எண்டு சொன்னனீ, பிள்ளை?" என்று கேட்டார்.

"பதினொண்டு."

ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "அது கூடிப்போச்சு," என்றார். எழுந்து மணியை அடித்தார். எங்கள் தரிப்பு வர இன்னும் இரண்டு இருந்தது.

கதவைத் திறந்த சூசை மாமா முதலில் கண்டது என்னைத்தான், பஞ்சு முடியோடு. சிரிக்கவா கோபிக்கவா என்று தெரியாமல் அவர் நிற்க, அப்பா கையை நீட்டினார்.

"சூசை, திறப்பு. மறந்துபோய்ப் பைக்குள்ளை கிடந்திட்டுது."

மாமா திறப்பைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். "உள்ளுக்கு வாங்கோ அண்ணை," என்றார். "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்."

அவர்களுடைய ஹோலிலும் உடுப்புத்தான் காய்ந்துகொண்டிருந்தது.

கிங்ஸ்பரியில் இப்போது நான் இருக்கும் வீட்டில் உலர்த்தும் இயந்திரம் உண்டு. என் பிள்ளைகளுக்கு அந்த மணம் தெரியாது. அந்த நூலகம் இருந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது. கோவில் அலுமாரியையும் எப்போதோ கழித்துவிட்டார்கள். போன மாரியில் சூசை மாமாவும் போய்விட்டார். அடக்கம் முடிந்த பிறகு அவருடைய மகள் ஒரு கடித உறையை அப்பாவிடம் கொடுத்தாள். உள்ளே அந்தத் திறப்பு. உறையின் மேல் மாமாவின் கையெழுத்தில் 'அண்ணை கொண்டுவந்து தந்தது' என்று மட்டும் இருந்தது. எண்பதை எட்டிப் பிடிக்கும் அப்பா அதைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரே நாளில் போகிற கொடுப்பினை தங்களுக்கு இல்லை என்று சொல்லி அழுதார்.

அந்தத் திங்கட்கிழமைக்கும் இந்த அடக்கத்துக்கும் இடையில் இருபத்தேழு வருடங்கள். கறிக்கோப்பைகள், கலியாணங்கள், காரணமே இல்லாத சண்டைகள், அடுத்த நாளே மறந்துபோன கோபங்கள் என்று அத்தனையும் அதற்குள் நடந்தன. வீம்பு பிடித்த ஒரு கட்டை மனிதர், எங்களை யாரென்றே அறியாதவர், பதினொரு வருடத்தைத் தான் வீணாக்கி வைத்துவிட்டுப் போனார். அதனால் என் அப்பா ஒரு நாளைத்தான் வீணாக்கினார்.