தப்பு என்று எழுதிய பொத்தான்

போன வாரம் குன்னத்துகால் வாசகசாலையில் ஒரு பழைய கணினிக்கு உயிர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். செயலாளர் சுகுமாரன், என்னைப் போலவே பென்ஷன்காரர், திரையில் ஒரு நீண்ட பட்டியலைத் திறந்தார். எல்லாம் ஒரே இலவச மென்பொருளின் வகைகள். பழைய இயந்திரங்களுக்கு ஒன்று, பார்வையில்லாதவர்களுக்கு ஒன்று, பாட்டுப் பதிவு செய்கிறவர்களுக்கு ஒன்று. யார் யாரோ கூலி வாங்காமல் செய்து வைத்தவை.

"இத்தறயும் வேணுமா சாறே? ஒண்ணு போராதா?" என்றார்.

அதே கேள்வியை ஒரு காலத்தில் நான் ஸ்டெல்லாவிடம் கேட்டிருக்கிறேன்.

கேரள எல்லையில், பாறசாலைப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் அப்போது நான் தமிழாசிரியர். ஸ்டெல்லா தற்காலிகக் கணினி ஆசிரியை. பொழியூரில் கடலுக்குப் போகிற குடும்பம். மதியம் அவள் பாத்திரத்தைத் திறந்தால் மாங்காய் போட்ட நெத்திலியின் மணம் ஆசிரியர் அறையை நிறைக்கும். அதில் பாதியைத் தின்றவன் நான் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் தமிழ்ப் பிரிவுக்குக் கிடைத்தவை பழைய கணினிகள். பள்ளிகளுக்கு வந்த மென்பொருளை அவை தாங்கவில்லை. ஒரு கோடை விடுமுறை முழுக்க உட்கார்ந்து ஸ்டெல்லா அதைக் குறைத்து, எங்களுக்கென்று ஒரு வகை செய்தாள். கட்டளைகளெல்லாம் எங்கள் பேச்சில். காத்திருக்கச் சொல்லும் இடத்தில் "இந்தா வாறேன்." தேடும் பொத்தானில் "தப்பு."

"தப்புன்னா பிழை, ஸ்டெல்லா. பிள்ளையள் எப்பிடிப் படிக்கும்?" பள்ளி திறந்ததும் வகுப்பில் வைத்தே கேட்டேன்.

"சாறு வீட்டுல கண்ணாடி காணலைன்னா தேடுவீளா, தப்புவீளா?"

வகுப்பே சிரித்தது. தேடுவதை எங்கள் ஊரில் தப்புவது என்பார்கள்; வீட்டில் நானும் தப்புகிறவன்தான். அதுதான் சுட்டது.

"ஆளாளுக்கு ஒண்ணு எதுக்கு? ஒண்ணு போராதா?"

"ஆளாளுக்குச் செய்யத்தானே சாறே இதத் திறந்து வச்சிருக்கு? இது இங்கத்த பிள்ளையளுக்காக்கும். செங்கல் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்காரி வேற ஒண்ணு செய்யட்டும், நாம அதயும் வாங்கிப் பாப்போம்."

மொழியைத் திருத்தி அனுப்பச் சொல்லி, அதை இரண்டு குறுந்தகடுகளில் என்னிடம் தந்தாள். என் கடிதத்தோடு கல்வி அலுவலகத்துக்குப் போனால் எல்லைப்புறத் தமிழ்ப் பிரிவுகள் எல்லாவற்றுக்கும் அது போகலாம். அவளுக்கும் வேலை நீளலாம். நான் அவற்றை அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

பதில் வந்ததா என்று திங்கள்கிழமைதோறும் கேட்பாள். "சாறே, மறுபடி வந்துதா?"

"அனுப்பியாச்சு மக்களே. அவிய பாக்கட்டும்."

மார்ச்சில் அவள் வேலை முடிந்தது. ஜூனில் புது மென்பொருள் வந்து, எல்லாக் கணினிகளிலும் இருந்ததை அழித்து அதைப் போட்டார்கள். எங்களுடையவை அதையும் தாங்காமல் மூலைக்குப் போயின. தமிழ்ப் பிள்ளைகள் மலையாளப் பிரிவில் ஓரமாக, ஒரு கணினிக்கு நாலு பேராக உட்கார்ந்தார்கள். நான் ஓய்வு பெற்ற அன்று அலமாரியைக் காலி செய்தேன். பழைய வினாத்தாள்களோடு அந்தத் தகடுகளையும் பேப்பர்காரரின் சாக்கில் போட்டேன். என் கையால்தான் போட்டேன்.

வாசகசாலையிலிருந்து வந்ததும் அவளுடைய எண்ணைத் தேடி வாங்கிக் கூப்பிட்டேன். இப்போது நெய்யாற்றின்கரையில் வாடகை வீடு. எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஒனக்கிட்ட வேற பிரதி உண்டும்லா?" என்று கேட்டேன்.

"கடல் ஊருக்குள்ள கேறினப்போ வீடே போச்சு சாறே. பின்ன கம்ப்யூட்டரா இருக்கும்?"

"வேற யாருக்காவது குடுத்தியா?"

"இல்ல. சாறு திருத்தித் தந்தப் பெறவு எல்லாருக்கும் குடுக்கலாம்னு இருந்தேன்."

யாரும் எத்தனை பிரதியும் எடுக்கலாம் என்று செய்யப்பட்ட பொருள். அது இன்று எங்கும் இல்லை. அந்தப் பள்ளியில் தமிழ்ப் பிரிவும் இல்லை.

"ஒரு வாட்டியாவது போட்டு முழுசாப் பாத்தீளா சாறே?"

பார்த்தேன் என்று சொல்ல அப்போதும் வாய் வந்தது.

"இல்ல மக்களே" என்றேன்.