பூசத்துக்குப் பிறகு அரைத் தம்ளர் பால்

1926 கடைசியில் வந்த பெருவெள்ளம் வடிந்து, ஈப்போவை அடுத்த செமோர் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்து ஆட்கள் மறுபடி மரம் சீவத் தொடங்கியிருந்தார்கள். தை மாதம்தான், பூசத்தை வைத்துச் சரிபார்த்துவிட்டேன். எனக்கு ஆறு வயது முடிந்திருந்தது.

வயிறு எனக்கு ஒழுங்காக இருந்ததே இல்லை. காலையில் உப்பி வலிக்கும், பிறகு போகும். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர், பூச்சி என்று சொல்லி விளக்கெண்ணெய் கொடுத்தார். எனக்கு முன் பிறந்த அண்ணனும் இப்படித்தான் வயிறு போய், மெலிந்து, நான் பிறக்குமுன் இறந்துவிட்டான். என்னையும் இழந்துவிடக் கூடாது என்று அம்மா, வீட்டுப் பசு கறந்ததில் முதல் தம்ளரை எனக்கென்று எடுத்துவைப்பாள்.

“தொரைக்குப் பாலு, எனக்கு வரக்கோப்பி,” என்பாள் அக்கா.

“நீ கல்லத் தின்னாலும் செரிக்கும், போடி.”

அந்த வருஷப் பூசத்துக்கு, எனக்குக் குணமாக வேண்டும் என்று ஈப்போ முருகனுக்குப் பால்குடம் நேர்ந்துகொண்டாள். பூசம் வரை வீட்டில் யாரும் பாலைத் தொடக் கூடாது. கறந்ததெல்லாம் தோட்டத்துக் கோயில் அபிஷேகத்துக்குப் போயிற்று. கொஞ்ச நாளில் என் வயிறு அடங்கியது. சோறு போதாமல் இன்னும் கேட்டேன். சாமி கண்ணைத் திறந்துவிட்டார் என்று அம்மா லயத்து வீடுகள் முழுக்கச் சொன்னாள்.

பூசத்தன்று அபிஷேகப் பாலை எனக்கு ஊட்டினாள். மறுநாள் முதல் பழைய தம்ளரும் வந்தது, பழைய வலியும் வந்தது.

“பால விட்டிருந்தப்ப நல்லாத்தான இருந்தான்,” என்றார் அப்பா, கத்தியைத் தீட்டிக்கொண்டே.

“சாமி பாலுங்க அது. வெரதத்துல நான்தான் ஏதோ கொற வச்சிட்டேன்.”

“சாமிய இதுல இழுக்காத. நிறுத்திப் பாரு.”

நிறுத்தினாள். வயிறு அடங்கியது. அப்போதும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அரைத் தம்ளர் கொடுத்துவிட்டு, வேறு வேலை பார்க்காமல் என் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். மதியத்துக்குள் நான் சுருண்டுவிட்டேன்.

என்னை மடியில் போட்டுக்கொண்டு அப்பாவிடம் கேட்டாள்: “அப்ப பெரியவனுக்கும் இதானா? கடசி வரைக்கும் நான்தான ஊத்தி ஊத்திக் குடுத்தேன்.”

“அவனுக்குக் காய்ச்சலும் இருந்துச்சு,” என்றார் அப்பா.

சிலர் உடம்புக்குப் பால் ஒத்துக்கொள்ளாது என்பதைப் பிற்காலத்தில் புத்தகங்களில் படித்தேன். அண்ணன் விஷயத்தில் அப்பா சொன்னதே உண்மையாகவும் இருக்கலாம். இனி யாராலும் நிச்சயமாகச் சொல்ல முடியாது.

மறுநாள் காலையில் தம்ளர் அக்காவிடம் போயிற்று. அவள் கேலி செய்யாமல், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குடித்தாள். நான் தரையில் புரண்டு அழுதேன். அம்மா அசையவில்லை. அவள் மனம் இளக என்ன சொல்லலாம் என்று யோசித்து, கடைசியில் சொன்னேன்: “அண்ணன் இருந்திருந்தா அவனுக்கு மட்டும் குடுத்திருப்பல்ல?”

அம்மா கையிலிருந்த செம்பைக் கீழே வைத்தாள். பிறகு அடுப்புக்கு அருகில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக்குக் கூப்பிடும் சத்தம் கேட்டும் எழுந்திருக்கவில்லை.

சொன்னது பலித்துவிட்டது என்று நினைத்து, அழுகையை நிறுத்திக்கொண்டு, என் தம்ளருக்காகக் காத்திருந்தேன்.