மகளைக் கேட்காமல் கொடுத்த வாக்கு

நான் ஐந்தாவது வரை படித்தவன். வெல்டிங் பட்டறையில் வேலை. நாட்டரசன்கோட்டைக்குப் பக்கத்து ஊர். என் மகள் காரைக்குடியில் ஒரு கல்லூரி விடுதியில் தங்கி மூன்றாம் வருடம் படித்தாள். கடைசிப் பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது அவளைப் போகச் சொன்னார்கள்.

அவள் செய்தது இதுதான். விடுதியில் நான்கு குளியலறைக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி குளித்தால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். வார்டனிடம் வாயால் சொல்லிப் பார்த்தார்கள். பிறகு மனு எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். முதல் கையெழுத்து என் மகளுடையது. கூப்பிட்டு மிரட்டியதும் மற்ற பிள்ளைகள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கின. இவள் பின்வாங்கவில்லை.

முதல்வர் எனக்குப் போன் செய்தார். வந்து டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள், சத்தமில்லாமல் போனால் நடத்தை நன்று என்று போட்டுத் தருகிறோம், இல்லையென்றால் வேறு மாதிரி போட வேண்டியிருக்கும் என்றார்.

எங்கள் ஊரில் ஒரு சிக்கல் என்றால் தனியாகப் போக மாட்டோம். பேசத் தெரிந்த ஆளைக் கூட்டிப் போவோம். அவர் பேசுவார், நாம் பின்னால் நிற்போம். அவர் முடித்தது முடிந்தது. அப்படித்தான் என் மனைவியின் தாய்மாமனைக் கூட்டிப் போனேன். வரப்புச் சண்டை, கல்யாணச் சண்டை எல்லாம் தீர்த்தவர். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா இருக்கும். மகளிடம் சொல்லாமல் போனேன்.

முதல்வர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "நீங்க வெல்டர்தானே? ஒரு தாழ்ப்பாளுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்? சொல்லியிருந்தா நீங்களே நாலு பத்தவச்சுக் கொடுத்திருப்பீங்களே."

மாமாவும் சேர்ந்து சிரித்தார். எனக்கு எரிந்தது.

"பொம்பளப் பிள்ள விசயம் சார். நாலு பேரு வாயில விழ வேணாம். நல்லபடியா டி.சி.யக் குடுத்துருங்க, கூட்டிட்டுப் போயிர்றோம்" என்றார் மாமா.

"அப்பாவுக்குச் சம்மதமா?"

"மாமா சொன்னாச் சரிங்க" என்றேன்.

திங்கட்கிழமை வந்து எழுதிக் கொடுத்து வாங்கிக்கொள்வதாக முடிந்தது. மாமா வெளியே வந்து கலர் சோடா வாங்கிக் குடித்தார்.

வகுப்பு விட்டு வந்த மகளிடம் சொன்னேன்.

"யாரு முடிச்சது?"

"தாத்தாதான். நானும் சரின்னுட்டேன்."

"நான் அங்குட்டு கிளாஸ்ல உக்காந்திருக்கேன். இங்குட்டு ரெண்டு பேரும் என்னைய வச்சுப் பேசி முடிச்சுட்டீகளா? ஆட்டையா வித்தீக?"

"வாயப் பாத்தீகளா மாப்ள. இதுக்குத்தான் வெளிய அனுப்புறாய்ங்க" என்றார் மாமா.

அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. "அப்பா, எனக்கு இருபது வயசு. போறேன்னு நான்தான் எழுதணும். நீங்க சொன்னது செல்லாது. அவுகளா அனுப்பணும்னா குத்தத்த எழுத்துல குடுக்கணும். என்னைய விசாரிக்கணும். நான் பதில் சொல்லணும். இத்தன நாள்ல ஒரு துண்டுக் காகிதம் குடுத்தாகளா? ஏன் குடுக்கலன்னு கேட்டீகளா?"

நான் கேட்கவில்லை. பஸ்ஸில்தான் உறைத்தது. எழுத்தில் கொடுத்தால், தாழ்ப்பாள் கேட்டாள் என்றுதான் எழுத வேண்டும். அதற்குப் பயந்துகொண்டு, என்னை வைத்தே அவளை வெளியே தள்ளப் பார்த்திருக்கிறார்கள். அதற்கு நான் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறேன். மூன்று வருடம் படித்த பிள்ளை. இன்னொரு இடத்தில் முதல் வருடத்தில் போய் உட்கார வேண்டும், அதுவும் இடம் கிடைத்தால்.

ஞாயிற்றுக்கிழமை மாமாவுக்குப் போன் போட்டு, வர வேண்டாம் என்றேன்.

"குடுத்த வாக்க மாத்துனீகன்னா இனி உங்களுக்காக ஒரு எடத்துலயும் நிக்க மாட்டேன் மாப்ள."

"நிக்க வேணாம் மாமா."

திங்கட்கிழமை மகளும் நானும் போனோம். சொந்த விருப்பத்தின் பேரில் விலகுவதாகக் கடிதம் அடித்துத் தயாராக வைத்திருந்தார்கள். முதல்வர் பேனாவை நீட்டினார்.

"என் பிள்ளையக் கேக்காமச் சொல்லிட்டேன் சார். அந்தச் சொல்லத் திருப்பி வாங்கிக்கிறேன்."

"பெரியவர் முன்னால பேசினதுக்கு ஒரு மரியாதை இல்லையா?"

"மரியாதை போனா எனக்குத்தான் போகும். போகட்டும் சார்."

மகள் தான் எழுதிய கடிதத்தை வைத்தாள். நான் விலகவில்லை, என் மேல் குற்றம் இருந்தால் எழுத்தில் கொடுங்கள் என்று எழுதியிருந்தாள். முதல்வர் அதைத் தொடவில்லை. ஆபீசில் கொடுக்கச் சொன்னார். ஆபீசில், வாங்கிக்கொண்டதற்கு நகலில் முத்திரை கேட்டோம். நாளைக்கு வாங்க என்றார் கிளார்க். வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து சாப்பிட்டு, கை கழுவிவிட்டு வந்தார்.

"இன்னுமா போகல?"

"சீல் வைங்க சார், போறோம்" என்றாள் மகள்.

மூன்றரை மணிக்கு வைத்தார். அவள் நகலைப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு நேரே வகுப்புக்குப் போனாள்.

பரீட்சை எழுதிவிட்டாள். அவளை ஏன் போகச் சொன்னார்கள் என்று அந்தக் கல்லூரி இன்றுவரை எழுதிக் கொடுக்கவில்லை. மாமா விசேஷ வீடுகளில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். திருப்பட்டும். முதல்வர் மேல் உள்ள கோபம் எப்போதாவது ஆறலாம். அன்றைக்கு அந்த அறையில் நின்றுகொண்டு "சரிங்க" என்றேனே, அது ஆறவில்லை.