நான் கலைத்த கப்பற்படை

இரண்டாயிரத்துப் பத்தாம் ஆண்டில், ஞாயிறுதோறும் என் மனைவியின் தம்பி கடலூரிலிருந்து மடிக்கணினியுடன் சிதம்பரத்திலுள்ள எங்கள் இல்லத்திற்கு வருவார். இருவரும் அவரவர் திரையில் நட்பு நாடுகளாக இணைந்து, கணினியை எதிர்த்துப் போர் விளையாட்டு ஆடுவோம்.

மூன்று மாதங்களாக நீண்ட ஒரு போரில், எதிரி அவருடைய தலைநகரை நெருங்கிவிட்டான். நான் துணைப்படை அனுப்ப ஆயத்தமானபோதே, நட்பு நாடு சரணடைந்ததாக என் திரையில் அறிவிப்புத் தோன்றியது. எஞ்சிய அவருடைய கப்பற்படையை ஏற்பதா, கலைப்பதா என்றும் அது வினவியது.

எனக்குச் சினம் தலைக்கேறியது.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா மச்சான்? கோழை!"

"மாமா, கொஞ்சம் இருங்க, நான் சொல்றத..."

கேட்கவில்லை. கோழையின் கப்பல்கள் எனக்கெதற்கு என்று, கலைக்கும் பொத்தானை அழுத்தினேன்.

அவர் எழுந்து வந்து என் திரையைப் பார்த்தார்.

"அய்யய்யோ, கலைச்சிட்டீங்களா? ஊரு விழுந்தா கப்பலும் மொத்தமா போயிடும் மாமா. அதுக்கு முன்னாடியே சரண்டர் பண்ணா உங்க கைக்கு முழுசா வரும்னுதான் பண்ணேன்."

காக்கக் கப்பலின்றி என் கரையும் அன்றே வீழ்ந்தது. தோல்வி எனக்குப் பெரிதன்று. தம் நாட்டையே எனக்காக விட்டுக்கொடுத்தவரைக் கோழை என்றேனே! மன்னிப்புக் கேட்காமலே கணினியை அணைத்தேன்.

மறு ஞாயிறும் அவர் வந்தார். புதிய ஆட்டம் தொடங்குகையில் சிரித்தபடி சொன்னார்:

"இந்த வாட்டி நான் எதிரியா இருக்கேன் மாமா. அதுல திட்டு கம்மி."

என்னால் சிரிக்க இயலவில்லை. அவர் சொல்ல வந்ததைக் கேட்க மறுத்த என்மீது எனக்கு இன்றுவரை சினம் தணியவில்லை.