முதல் அடியும் மிச்சம் நாலும்

கூட்டுறவுச் சங்கக்கடையில் நான் சீனி நிறுத்துக் கொடுத்த காலத்தை இப்போது நினைத்தால், எல்லாமே தண்ணீருக்கு அடியில் நடந்த மாதிரித்தான் தெரிகிறது. நெடுந்தீவில் தென்மேற்குச் சோளகம் வீசும் மாதங்களில் வெயிலும் காற்றும் சேர்ந்து ஆளை அரைத் தூக்கத்திலேயே வைத்திருக்கும். பங்கீட்டுக் கூப்பன் வரிசை வாசலைத் தாண்டி, கல்வேலி ஓரமாக வளைந்து, கண்ணுக்கு எட்டாத இடத்தில் கானலோடு கலந்துவிடும். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. மிச்சத்தைச் சீனிப் பொட்டலத்துக்குச் சரை சுற்ற வந்த பழைய பேப்பரிலும், அந்த வரிசையில் நின்ற சனத்தின் வாயிலும் படித்தேன். நல்லதொரு கதை காதில் விழுந்தால், தராசை அப்படியே விட்டுவிட்டுச் சரைத் தாளில் குறித்துவைப்பேன். "உவன் சீனி தரமாட்டான், எங்கட வாயைத்தான் பாத்துக்கொண்டு நிப்பான்" என்று பகிடி பண்ணுவார்கள்.

அந்த வருஷம் வரிசை முழுக்க ஒரே கதைதான். பொலிசு அடிக்கலாமோ, அடிக்கக் கூடாதோ.

நடந்தது இதுதான். நயினாதீவுத் திருவிழா முடிந்து சனம் திரும்புகிற நேரம். லாஞ்சு நிறைந்துவிட்டது என்று பொலிஸ்காரர் இறங்குதுறையில் குறுக்கே கயிறு பிடித்துவிட்டார்கள். எங்கள் ஊரில் மாடு வளர்த்துச் சீவிக்கிற அண்ணை ஒருவர் கயிற்றுக்கு இந்தப் பக்கம். அவருடைய ஆறு வயது மகள் அந்தப் பக்கம், லாஞ்சுக்குள். பிள்ளை வீரிட்டு அழ, இவர் கயிற்றைத் தாண்டிவிட்டார். குண்டாந்தடியால் ஓர் அடி. விழுந்தார். விழுந்த பிறகு நாலு அடி, வலது தோளிலும் முழங்கையிலும். அதோடு விடவில்லை, "குடிவெறியில் பொலிசைத் தள்ளினவர்" என்று பொலிசுப் புத்தகத்தில் எழுதியும் வைத்துவிட்டார்கள். மனுசன் அன்றைக்கு விரதம், பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை.

அடியைப் பற்றி அவர் என்னிடம் பெரிதாக ஒன்றும் சொன்னதில்லை. "அந்த வெறி எண்ட சொல்லை அழிச்சால் காணும், தம்பி, வேற ஒண்டும் வேண்டாம். பிள்ளை இப்ப எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகுது" என்றார், அவ்வளவுதான். அதற்காக மேலிடத்துக்கு ஒரு பெட்டிசம், முறையீட்டு மனு, எழுதித் தருவதாக நான் சொல்லியிருந்தேன்.

அந்த லாஞ்சை ஓட்டின தண்டையலும் எங்கள் ஊர்தான். அவரும் கூப்பனோடு வரிசையில் நிற்பார்.

"கயிறு இல்லாட்டில் லாஞ்சு கவிண்டிருக்கும். நான் பிரேதம் ஏத்திக்கொண்டு வந்திருப்பன். அவங்கள் அடிச்சபடியாத்தான் நீங்கள் எல்லாரும் இதில நிண்டு கதைக்கிறியள்."

"அப்ப அடி வாங்கினவருக்கு நாங்கள் ஒரு மாலை போடோணுமாக்கும்" என்றது பின்னால் ஒரு குரல்.

"பயம் இல்லாட்டில் சனம் சொல்லுக் கேக்காது, பாரும்."

"நீர் உம்மட மனுசி சொல்லுக் கேக்கிறேல்லையோ? அவ என்ன, தடியோ வைச்சிருக்கிறா?"

வரிசை சிரித்தது. தண்டையலும் சேர்ந்து சிரித்தார். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. கடலை அறிந்தவர் சொல்லும்போது சனம் கொஞ்சம் தயங்கும். இப்படியே நாள் போனது. காற்று ஒரு பக்கம் தள்ளினால் கதையும் அந்தப் பக்கம் சாயும், பிறகு நிமிரும். சில வேளை எது வரிசையின் பேச்சு, எது பனைகளின் இரைச்சல் என்று எனக்கே தெரியாமல் போய்விடும்.

ஒருநாள் பெட்டி இழைக்கிற அக்கா, அதுவரை வாயே திறக்காதவ, கையில் இருந்த ஓலையை விடாமலே கேட்டா.

"தண்டையல், முதல் அடி லாஞ்சுக்கெண்டே வையும். மிச்சம் நாலும் ஆருக்கு?"

என் தராசில் பாதிச் சீனியோடு தட்டு ஆடிக்கொண்டிருந்தது. தண்டையல் தன் சரையை வாங்கிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் கூப்பன் இல்லாமலே வந்தார்.

"பெட்டிசம் எழுதப் போறீராம். கயிறு வேணும் எண்டதையும் எழுதும். எழுதினால் நானும் கையெழுத்து வைப்பன்."

இரண்டையும் எழுதினேன். அக்காவின் கேள்வி என் பெட்டிசத் தமிழில் "முதலாவது அடி பிரயாணிகளின் பாதுகாப்புக் கருதியது எனக் கொள்ளினும்" என்று ஆகிவிட்டது. வாசித்துக் காட்டினேன். "இது நான் சொன்ன மாதிரி இல்லை, ஆரோ செத்த ஆள் சொன்ன மாதிரிக் கிடக்கு" என்றா. ஆனாலும் கையெழுத்து வைத்தா.

மூன்று கிழமையில், விசாரிக்க ஒரு பெரிய அதிகாரி வருகிறார் என்று கடிதம் வந்தது. அங்கேதான் நாங்கள் பிழை விட்டோம். பெரிய மனுசர் வீட்டுக்கு வருகிறார் அல்லவா? அண்ணையின் மனைவி முற்றத்தைச் சாணத்தால் மெழுகினா. அண்ணைக்கு எண்ணெய் வைத்துத் தோய வார்த்தார்கள். நான் என்னுடைய ஒரே நல்ல சேட்டை, முழுக்கை வெள்ளைச் சேட்டை, கொண்டுபோய்க் கொடுத்தேன். காயத்தைக் காட்டத்தான் அவரைக் கூப்பிட்டோம் என்பது எங்களில் ஒருவருக்கும் நினைவில்லை.

அதிகாரி வந்து இறங்கும்போது முகம் வெளுத்திருந்தது. சோளகக் கடல் அவரைப் பிரட்டி எடுத்துவிட்டது. அவரைச் சாய்மனைக் கதிரையில் படுக்கவைத்தோம். அடி வாங்கினவர் பக்கத்தில் நின்று விசிறினார். அந்தக் காட்சியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அது கனவா நனவா என்று சந்தேகம்.

கண்ணை அரைவாசி திறந்து, அதிகாரி கேட்டார். "இப்ப எப்பிடி இருக்கிறீர்?"

"நல்லா இருக்கிறன் ஐயா. உங்களுக்குத்தான் கடல் ஒத்துக்கொள்ளேல்லைப் போல."

அதிகாரி புத்தகத்தை எடுத்து எழுதினார். கடை மேசைக்குப் பின்னால் நின்று பழகின எனக்கு எழுத்தைத் தலைகீழாக வாசிக்க வரும். "நலமாக இருக்கிறார்." வீட்டுக்கு வந்தவர் முன்னால், வீட்டுக்காரரின் சொல்லை எப்படி மறுப்பது?

மனைவி தேசிக்காய்த் தண்ணி கொண்டுவந்தா. அண்ணை அதை வாங்கி, அதிகாரியிடம் நீட்டினார். இடது கையால்.

வாங்க வந்த கை அந்தரத்தில் நின்றது. எங்கள் பக்கத்தில் எவரும் விருந்தாளிக்கு இடது கையால் ஒன்றும் கொடுப்பதில்லை. அதிகாரியும் எங்கள் பக்கத்து மனுசர்தான்.

"ஏன், வலது கைக்கு என்ன?"

அண்ணை வெட்கத்தில் தலை குனிந்தார். அடியைப் பற்றிக் கேட்டபோதுகூட அவர் அப்படிக் குனிந்ததில்லை. "மன்னிக்கவேணும் ஐயா. தூக்க ஏலாது."

அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். "சேட்டைக் கழட்டும்." அண்ணையால் ஏலவில்லை. என் சேட்டின் பொத்தான்களை நானே கழற்றினேன். முழங்கை கோணி, வீங்கி, தோளிலிருந்து முழங்கைவரை கறுத்துப்போன நாலு தடம். அதிகாரி கிட்ட வந்து பார்த்தார். பிறகு எழுதியதை வெட்டிவிட்டு, புதுப் பக்கத்தில் தொடங்கினார்.

மாரி மழை தொடங்கின பிறகு பதில் வந்தது. "வெறி" என்ற சொல் நீக்கப்பட்டது. பிள்ளை அதை எழுத்துக் கூட்டி வாசித்ததாக அண்ணை சொன்னார். நாலு அடியைப் பற்றி அந்தக் கடிதத்தில் ஒரு வரி இல்லை. அது காணுமோ காணாதோ என்று வரிசை பிறகும் கனகாலம் வழக்காடியது.

அண்ணையின் கை பழையபடி எழும்பவேயில்லை. கூப்பன் நாளில் வந்து, இடது கையை நீட்டி, "மன்னிக்கவேணும் தம்பி" என்று சொல்லித்தான் சரையை வாங்குவார். ஒவ்வொரு முறையும். பின்னால் நிற்கிற தண்டையல் அந்த நேரம் கடல் பக்கம் திரும்பி நிற்பார்.