வேம்புக்கும் குடி உண்டு

சாய்ந்தமருதில் முகம்மது தம்பி வளர்க்கிற வேப்பங்கன்றுப் பைகளில் பைக்கொரு காகித மட்டைத் துண்டு தொங்கும். அதில் மரத்தின் பேர் இருக்காது, குடி இருக்கும். 'மாவடிப்பள்ளிக் குடி', 'கடற்கரைக் குடி' என்று தாய்மரம் நிற்கிற இடத்தை எழுதிவிடுவார். நமக்குக் குடி, அதாவது வம்சப் பேர், உம்மா வழியில் வருகிறது, மரத்துக்கும் அப்படித்தான் என்பது அவர் கட்சி. "எல்லாம் வேம்புதானே காக்கா" என்று யாராவது அண்ணன் முறை வைத்து வாய் திறந்தால் போச்சு. வயலோரத்து வேம்பின் பரம்பரை ஈரம் குடித்து வளர்ந்தது, உப்புக்காற்றுக்கு ஈடு கொடுக்காது என்று அரைமணி நேரம் பிடித்து வைத்துக் கதைப்பார்.

அப்பேர்ப்பட்டவருக்கே ஒருமுறை மூக்குடைந்தது. கடற்கரைப் பள்ளிக்கூடத்துக்கு நிழலுக்கென்று அவர் கொடுத்த இருபது 'கடற்கரைக் குடி' வேம்பும் டிசம்பர் வாடைக்காற்றில் இலை கருகிப் பட்டுப்போயின. காலைக் கூட்டத்தில் பிள்ளைகள் பழையபடி வெயிலில். பள்ளிக்கூடத்து அதிபர் றுமைஸா டீச்சர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"இன்னொருக்கா வெச்சுப் பாப்பம் காக்கா. அதுவும் பட்டா குழிய மூடித் தகரப் பந்தல்தான். பொறகு மரக் கதையோட வரப்படா."

முகம்மது தம்பிக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி சுல்பிகாதான் கேட்டாள்.

"அந்தக் கொட்டைய எங்க பொறுக்கின?"

"நம்மட வீட்டு வளவு மரத்துக்குக் கீழதான். கடல் கிட்டத்தானே."

"அது எங்கட வாப்பா சவளக்கடை வயலோரத்தில வேலப்போடிர வளவால கொண்டுவந்து வெச்ச கண்டு."

"முப்பது வருசமா இஞ்சதானே நிக்கிது?"

"நீங்களும் கலியாணம் முடிச்சு இருபத்தாறு வருசமா எங்கட வளவிலதான் இரிக்கிறீங்க. எங்கட குடியாகிட்டீங்களா?"

ஊருக்கெல்லாம் குடி சொன்னவர், மாப்பிள்ளையாக வந்த மரத்துக்குப் பெண்வீட்டுக் குடியை எழுதி வைத்திருக்கிறார்.

அடுத்த பழக்காலத்தில், ஊர் மையத்துகளை அடக்குகிற, கடலைப் பார்த்த மையவாடி மூலையில் நிற்கிற கிழட்டு வேம்புக்குப் போனார். சுனாமியிலும் விழாத மரம். இந்த முறை நாலு பேரிடம் விசாரித்து, அது அங்கேயே தானாக முளைத்தது என்று உறுதியான பிறகுதான் கொட்டை பொறுக்கினார். ஒரு வருடம் பையில் வளர்த்து இருபது கன்றைக் கொண்டுபோனபோது றுமைஸா குட்டையாக நின்ற கன்றுகளைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தார்.

"இதுகளுக்குச் சாப்பாடு குடுக்கிறல்லயா காக்கா?"

"அதுகள்ற குடியே கட்டை, டீச்சர்."

வாடை வந்தது. விடியலில் சுபஹு தொழுத கையோடு தினமும் பள்ளிக்கூட வேலியோரம் போய் நின்றார். காற்று ஓய்ந்தபோது மூன்று பட்டிருந்தன. மற்றப் பதினேழும் செங்கொழுந்து விட்டிருந்தன. றுமைஸா ஒரு கொழுந்தைத் தொட்டுப் பார்த்தார். "தகரக்காரனை வர வேணாமெண்டு சொல்லிட்டன்" என்றார்.

வீட்டுக்கு வந்த கையோடு வளவு மரத்தில் 'சவளக்கடைக் குடி' என்று மட்டை கட்டினார் முகம்மது தம்பி.

"வெட்டப் போறீங்களா?" என்றாள் சுல்பிகா.

"ஏன் வெட்டுற? மாப்பிள்ளையா வந்தவன். நெழலத் தந்துகொண்டு இரிக்கட்டும்."