கண்ணாடி மூலையில் ஒரு பொட்டு

என் மேசை இழுப்பறையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி கிடக்கிறது. பச்சை பிளாஸ்டிக் சட்டம், கீழே ஒரு விரிசல். வலது மேல் மூலையில் அரக்குச் சிவப்பில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு. பேனா தேடும்போதெல்லாம் அது கையில் தட்டுப்படும். எடுத்துப் பார்த்தால் என் முகமும் தோளுக்கு மேலே அந்தப் பொட்டும் தெரியும். வந்த வேலையை மறந்து கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிடுவேன்.

அது அக்காவின் கண்ணாடி. கூடப் பிறந்தவர் இல்லை. மதுரையைச் சுற்றி யார் படம் எடுத்தாலும் பெரியம்மா, மாமியார், பக்கத்து வீட்டுக்காரி என்று ஐந்து நிமிடம் வந்துபோகும் வேடங்களுக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள். நாகமலை புதுக்கோட்டையில் வீடு. நான் உதவி இயக்குநர். ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் இடையில் புடவை மடிப்பு, வளையல், பொட்டு எதுவும் மாறாமல் பார்த்துக்கொள்வது என் பாடு. அக்கா கிறிஸ்தவர், பொட்டு வைக்கும் வழக்கம் இல்லாத குடும்பம். கேமரா நின்றதும் நெற்றிப் பொட்டை எடுத்து இந்தக் கண்ணாடி மூலையில் ஒட்டிவிடுவார். "அவ போயிட்டா தம்பி, நான் வந்துட்டேன்" என்பார். அடுத்த ஷாட்டுக்கு அதே பொட்டு, நூலளவும் விலகாமல் அதே இடத்துக்குப் போய்விடும். என் பிழைப்பில் எனக்குத் திட்டு வாங்கித் தராத ஒரே நடிகை அவர்தான்.

திருவாதவூர்ப் பக்கம் நடந்த ஒரு படப்பிடிப்பில் மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கும் பெண்ணாக நடித்தார். மஞ்சள் புடவை, வேப்பிலை, நெற்றியில் அரக்குச் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு. செய்தி அவருடைய சபைப் போதகர் வரை போய், அவர் அக்கா வீட்டுக்கே வந்துவிட்டார். அக்கா காபி கொடுத்துவிட்டு, "ஐயா, அந்தப் பொம்பளைக்கு அதுதான் சாமி. நான் பாதி மனசோட நடிச்சா அவளுக்குப் பண்ற துரோகம்ல" என்றாராம். போதகர் காபியைக் குடித்துவிட்டுப் போனார். அதற்காக, வருகிற வேடத்துக்கெல்லாம் தலையாட்டுகிறவர் என்று நினைக்க வேண்டாம். கால் ஊனமான மருமகளைக் கிண்டல் செய்யும் மாமியார் வேடத்தை, "இதுல சிரிக்க என்ன இருக்கு?" என்று ஒரே பேச்சில் தள்ளிவிட்டார்.

அப்படியிருக்கும்போதுதான் அந்தப் பெரிய வேடம் வந்தது. மகன் ஆஸ்பத்திரியில் உயிருக்குப் போராடுகிறான். தாய் தேவாலயத்தில் முழங்காலில் நின்று அவனுக்காக மன்றாடுகிறாள். படமே அவளைச் சுற்றித்தான். தாய் கிறிஸ்தவர் என்றதும் நானே முந்திக்கொண்டு அக்கா பெயரைச் சொன்னேன். பொட்டுக்கே வேலையில்லாத வேடம், அக்கா துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தேன். அவரோ வசனத் தாளை இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு என்னைக் கூப்பிட்டனுப்பினார். உள் அறையில் அக்காவின் கணவர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், படுத்திருந்தார். பக்கவாதம் வந்து வலக்கையும் பேச்சும் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது.

"தம்பி, ஒங்க மாமாவுக்காக நெதமும் முழங்கால் போட்டுத்தான் கேக்குறேன். அதே சாமிகிட்ட, அதே முழங்கால்ல நின்னு, இல்லாத மகனுக்காக எப்படிய்யா அழுகுறது? அப்புறம் ஒங்க மாமாவுக்குக் கேக்குறதும் நடிப்புதான்னு சாமி நெனச்சுட்டா?"

அவரே ஒரு வழியும் சொன்னார். மற்ற எல்லாம் நடிக்கிறேன், அந்த இடத்தில் மட்டும் வாயை அசைக்காமல் சும்மா உட்கார்ந்திருப்பேன் என்றார். இயக்குநரிடம் சொன்னேன். "முதல்ல வரச் சொல்லு, பாத்துக்கலாம்" என்றார். எங்கள் தொழிலில் 'பாத்துக்கலாம்' என்றால் நடக்காது என்று அர்த்தம், அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அக்காவிடம், "சரின்னுட்டாருக்கா" என்றேன்.

டி. கல்லுப்பட்டி போகும் வழியில், பருத்திக் காட்டுக்கு நடுவே ஒரு பழைய தேவாலயம். இப்போது நினைத்தால் அந்தக் காலை முழுக்கத் தண்ணீருக்குள் நடந்தது போலிருக்கிறது. உயரமான ஜன்னல்களிலிருந்து வெயில் சாய்ந்து இறங்கியது. அதில் தூசி மெல்ல மெல்ல மிதந்தது. எங்கோ ஒரு டிராக்டர் ஓடும் சத்தம் வந்தது, நின்றது, மறுபடி வந்தது. ஆட்கள் எல்லோரும் வெளியே இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கேமராவைச் சரிபார்த்துக்கொண்டிருந்த ஒளிப்பதிவாளரும் நானும்தான் உள்ளே இருந்தோம். அக்கா தனியாக வந்தார். எங்களைக் கவனிக்கவே இல்லை. வெயில் விழுந்த இடத்தில் முழங்காலிட்டுக் கண்ணை மூடினார். உதடுகள் அசைந்தன. தோள் குலுங்கியது. அந்த முகத்தை நான் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை.

நான் ஒளிப்பதிவாளரின் முதுகில் மெதுவாகத் தட்டினேன். அவர் கேமராவை ஓடவிட்டார்.

இயக்குநர் வந்து மானிட்டரில் அதைப் பார்த்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "மாப்ள, படம் இதுலயே முடிஞ்சிருச்சுடா. அந்தம்மாகிட்ட மூச்சு விடாத." அந்த ஒரு வார்த்தைக்காக ஏழு வருடம் வெயிலில் காய்ந்தவன் நான். குளிர்ந்துதான் போனேன், பொய் சொல்வானேன்? வெளியே வந்தால் வேப்பமரத்தடியில் அக்கா முகம் கழுவிக்கொண்டிருந்தார். "தம்பி, நான் ரெடி. வாயை அசைக்க மாட்டேன், ஞாபகம் வச்சுக்க" என்று சிரித்தார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். பிறகு, "பேசுனது பதிவாச்சா?" என்றார். மைக் மாட்டவில்லை, படம் மட்டும்தான் என்றேன்.

"ஒங்க மாமா பேரைச் சொல்லிக் கேட்டுக்கிட்டு இருந்தேன் தம்பி. அதைப் போயா தியேட்டர்ல போடுவீக?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. இரண்டு அறை விட்டிருந்தால் தேவலை என்றிருந்தது எனக்கு. இயக்குநர் பிடிவாதமாக இருந்தார்: இந்தக் காட்சி இருந்தால் அக்கா இருப்பார், இல்லையென்றால் வேறு நடிகை. அக்கா புடவையை மாற்றிக்கொண்டு வந்து, "அழிச்சிரச் சொல்லு, நான் போயிட்டு வாரேன்" என்று சாலையில் போய் நின்றார். பஸ் வர அரை மணி நேரம் ஆனது. அக்கா இல்லாத படத்துக்கு அந்தத் துண்டு உதவாது என்று இயக்குநரும் விட்டுவிட, அதற்குள் கேமராவைச் சாலைக்கே கொண்டுபோய் அக்கா கண்ணெதிரிலேயே நான் அதை அழித்தேன். அந்தக் காட்சியில் வேறொருவர் கிளிசரின் போட்டு அழுதார். படம் ஓடியது, அவருக்கு நல்ல பெயர். அதற்குப் பிறகு பெரிய வேடம் என்று அக்காவை யாரும் கூப்பிடவில்லை. அன்று அவர் விட்டுப்போன மேக்கப் பெட்டியோடு இந்தக் கண்ணாடி என்னிடமே தங்கிவிட்டது. திருவாதவூர்ப் பொட்டு அப்போதும் அதில் இருந்தது.

போன வருடம் மாமா இறந்துபோனார். கடைசிவரை பேச்சு திரும்பவில்லை. துக்கம் கேட்கப் போனபோது கண்ணாடியையும் எடுத்துப் போனேன். "இம்புட்டு நாளா வச்சிருந்தியா?" என்று வாங்கிப் பார்த்தார். எனக்குத்தான் நாக்கு நிற்காதே. "அம்புட்டு வருசம் கேட்டீங்களேக்கா, கெடைக்கலையே" என்று உளறிவிட்டேன்.

"கெடைக்கலைதான். சாமி இல்லைன்னு சொல்லிட்டாரு" என்றார் அக்கா. "ஆனா என்கிட்டதான தம்பி சொன்னாரு. வேசம் கட்டுனவகிட்ட இல்லையே."

கண்ணாடியை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "அவ ஒன்கிட்டயே இருக்கட்டும்."

இப்போது நானே ஒரு கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் ஒரு பெண் வெயில் விழுந்த தரையில் முழங்காலிடுகிறாள். அவள் என்ன கேட்கிறாள் என்று எழுதத்தான் காலையில் பேனாவைத் தேடி இழுப்பறையைத் திறந்தேன். கண்ணாடி கையில் பட்டது. பொட்டு உதிராமல் அதே மூலையில் இருந்தது. பேனா கிடைத்த பிறகும் அந்த இடத்தை எழுதாமலேயே விட்டுவிட்டேன்.